பின்னால் பார்த்துச் சொன்னவள்

மயிலாப்பூர்
18 ஜூன் 2024

அன்புள்ள வைதேகி,

மேல் வீட்டுக்காரி கீழ் வீட்டுக்காரிக்குத் தபாலில் கடிதம் போடும் காலமும் வந்துவிட்டது. நீ உன் பெண் மகதி வீட்டுக்கு நங்கநல்லூர் போய் ஐந்து நாள்தான் ஆகிறது. போன் செய்யலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ அன்றைக்கு "நிறுத்து" என்று கத்தியது என் காதில் விழவில்லை என்று தெரிந்ததிலிருந்து, போனில் யார் பேசினாலும் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். புனேயிலிருந்து பேசும் அச்யுத் எரிந்து விழுகிறான். பெற்ற பிள்ளையிடம் எத்தனை முறைதான் "என்னடா சொன்னே" என்று கேட்பது? எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை, எழுத அலுக்காது.

நம் இஸ்திரிக்காரர் அம்மாசிக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்கிறார்கள். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. இப்போது அவர் மனைவி தேவானை தேய்க்கிறாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "காலரை மொதல்ல இழு, அப்பால கையப் பாரு" என்று அவளுக்கு வேலை சொல்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

அந்தப் பத்தாம் தேதிக் காலையை மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன் தெரியுமா? பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறோம். தினமும் போல நம் கேட்டுக்கு எதிரே காரைத் திருப்புகிறேன். தினமும் போல நீ இறங்கிப் பின்னால் நின்று "வா, வா" சொல்கிறாய். நான் ரிவர்ஸில் வருகிறேன். அம்மாசி தன் இஸ்திரி வண்டியருகே குந்தி உட்கார்ந்து கரி அள்ளிக்கொண்டிருக்கிறார். இடி. அவருடைய குரல். கூட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், எத்தனை முறை ஓட்டினாலும் என் நினைவில் நீ "வா, வா" என்றுதான் சொல்கிறாய். "நிறுத்து" வரவே இல்லை. நினைவுகூட நமக்கு வசதியானதைத்தான் வைத்துக்கொள்கிறது.

இன்னொரு கூத்து. நம் குடியிருப்பு மலருக்குச் செயலர் செம்பியன் போன மாதமே என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். கார் வைத்திருப்பவர்களுக்கும் அதில் ஏறுபவர்களுக்கும் சிரிக்கச் சிரிக்க யோசனைகள். ஆளை இடித்தவளிடம் கேட்டதை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் அவர் முழிக்கிறார். நானும் விடுவதாக இல்லை, எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். ஏறுபவர் பக்கத்துக்கு உன்னைவிடத் தேர்ந்த ஆள் யார்? நாலு வருஷமாக என் பக்கத்து சீட். யோசித்து எழுது.

மணி

—

நங்கநல்லூர்
22 ஜூன் 2024

மணி,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது. மாப்பிள்ளை ஊரில் இல்லை. தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போனேன், சனிக்கிழமை மாதிரி கூட்டம். அத்தனை உயரத்தில் நிற்கிறவர். முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

யோசனை கேட்டாய். ஏறியதும் கதவை ஆட்டோ மாதிரி அறைந்து சாத்தக்கூடாது என்று எழுது. உன்னிடம் முதல் திட்டு அதற்குத்தான் வாங்கினேன். கடற்கரை மணலைச் செருப்போடு உள்ளே கொண்டுவரக்கூடாது. சிக்னலில் "பதினாலு, பதிமூணு" என்று நொடி எண்ணி ஓட்டுபவரின் உயிரை வாங்கக்கூடாது. முக்கியமாக, இல்லாத பிரேக்கை மிதிக்கக்கூடாது. நான் மிதித்து மிதித்து உன் கார்த் தரை விரிப்பில் பள்ளம் விழுந்திருக்கும். ஏசியைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் ஓட்டுபவரின் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது போதுமா?

காதைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. அந்த நேரத்தில் ஏதாவது பஸ் ஹாரன் அடித்திருக்கும். யாருக்கும் கேட்டிருக்காது.

மகதி, "ஏம்மா எப்பவும் எதையோ யோசிச்சுண்டே உக்காந்திருக்கே" என்கிறாள். தூக்கம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை அழுகிறது, போகிறேன்.

வைதேகி

—

மயிலாப்பூர்
28 ஜூன் 2024

அன்புள்ள வைதேகி,

பஸ் ஹாரனா? நம் தெருவுக்குள் பஸ் என்றைக்கடி வந்தது? தண்ணீர் லாரி திரும்புவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. என்னைச் சமாதானப்படுத்த நீ பஸ்ஸையே தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும்.

உன் யோசனைகள் அத்தனையும் சேர்த்துவிட்டேன். கார்க்காரர்கள் பக்கம் நான் எழுதியதைச் சொல்கிறேன், கேள். வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்து ஆளைக் கூப்பிடாதே, அந்தத் தெருவில் மற்றவர்களும் குடியிருக்கிறார்கள். லிஃப்ட் கொடுத்தால் கொடுத்தேன் என்று மறந்துவிடு, அடுத்த தீபாவளி வரை சொல்லிக் காட்டாதே. பக்கத்தில் இருப்பவருக்கு இட்லி மிளகாய்ப்பொடிப் பொட்டலம் மடியில் இருக்கும்போது வேகத்தடையில் பறக்காதே. தி.நகருக்கு வண்டியில் போய் இடம் கிடைக்காமல் மூன்று முறை சுற்றியபிறகு, கூட வந்தவரைப் பார்த்து "உன்னால்தான்" என்று சொல்லாதே.

கடைசியில் ஒரு பாரா உன்னைப் பற்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: "ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் நின்று பார்த்துச் சொல்பவர், அந்த நேரத்தில் ஓட்டுபவரின் கண். என் வண்டி பழையது, பின்னால் கேமரா கிடையாது. அதற்குப் பதிலாக எனக்கு வைதேகி இருக்கிறாள். அன்றைக்கும் அவள் சரியாகத்தான் பார்த்தாள், சரியாகத்தான் சொன்னாள். கண் நன்றாக இருந்தும் காது கைவிட்டது. ஆகவே கார்க்காரர்களே, வருஷத்துக்கு ஒருமுறை வண்டியோடு சேர்த்துக் காதையும் சர்வீஸுக்கு விடுங்கள்." செம்பியன் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரை உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகிறேன்.

மணி

—

நங்கநல்லூர்
3 ஜூலை 2024

மணி,

டாக்டரிடமெல்லாம் எதற்கு? போகாதே. இந்த வயதில் போனால் ஏதாவது ஒன்று சொல்லத்தான் சொல்வார்கள்.

அந்தக் கடைசிப் பாராவை எடுத்துவிடு. என் பெயர் மலரில் வரவேண்டாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடு.

அம்மாசிக்குக் கை எப்படி இருக்கிறது? நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். எழுத நினைத்தது வேறு.

வைதேகி

—

மயிலாப்பூர்
9 ஜூலை 2024

அன்புள்ள வைதேகி,

உன் கடிதம் வருவதற்குள் டாக்டரிடம் போய் வந்துவிட்டேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கொசு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதற்கும் தூக்கினேன். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க காது ரொம்ப நல்லா இருக்கு. என் காதைவிட நல்லா இருக்கு" என்றார்.

நீயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். எனக்குத்தான் முடியவில்லை. காது நன்றாக இருக்கிறது, ஆனால் பத்தடி தூரத்தில் நின்று நீ கத்தியது கேட்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. என் அம்மாவுக்கும் அறுபதுக்கு மேல் இப்படித்தான் ஆரம்பித்தது. சொன்னது ஏறாது. நடக்காதது நடந்த மாதிரி நினைவில் இருக்கும். கடைசி இரண்டு வருஷம் என்னைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்டாள். உன் "நிறுத்து" என் தலையில் எப்படி "வா, வா" ஆனது என்று இப்போது புரிகிறது. இதை அச்யுத்திடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

காரை விற்றுவிடுகிறேன். அடையாறில் பழைய கார் வாங்கி விற்கும் காஷிஃப் என்பவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறார். என் வீட்டுக்காரர் காலமானபிறகு, ஐம்பத்தேழு வயதில், எல்லாரும் கேலி செய்யும்போது ஓட்டக் கற்றுக்கொண்டது. முதல் நாள் பக்கத்தில் உட்காரத் துணிந்தவள் நீ ஒருத்திதான். அன்றைக்கு நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுலோகம் சொன்னதை நான் பார்த்தேன். இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இனி கடற்கரைக்கு நாம் பஸ்ஸில் போவோம். நான் தனியாக எங்கும் போகாமல் இருப்பதும் நல்லதுதான்.

மணி

—

13 ஜூலை 2024, சனிக்கிழமை

மணி,

இதைத் தபாலில் போட்டால் நாளைக்குள் வந்து சேராது. மெட்ரோவில் நந்தனம் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, நானே உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். மணியடிக்க எனக்குத் தைரியம் இல்லை. ரயிலில் மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

காரை விற்காதே. உன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு நினைவிருப்பதுதான் நடந்தது.

நான் "நிறுத்து" என்று சொல்லவே இல்லை, மணி. "வா, வா, வரலாம்" என்றுதான் சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். இறங்கி நின்ற அந்த நிமிஷம் மகதி குழந்தையின் போட்டோ அனுப்பியிருந்தாள். ஈறு சிவந்திருக்கிறது, பல் வரப்போகிறதா பாரு என்று. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷம் தினமும் சொன்ன வாய், அது பாட்டுக்கு "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாசி கத்தியபிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

இது வரைக்கும் கவனக்குறைவு. அதற்கு அப்புறம் செய்ததுதான் பாவம். கூட்டம் கூடிவிட்டது. "பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு காரு" என்று ஒருத்தன் கத்தினான். பால்கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "நீங்க பின்னால நின்னு பாத்துச் சொல்லலியா?" என்று கேட்டார். போன் என் கையில் இருந்தது. அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "நிறுத்துன்னு நான் கத்தினேன், அவளுக்குக் காதுல விழல" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. யோசிக்காமலே வந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நீ அப்போது வண்டியிலிருந்து இறங்கினாய். "எனக்குக் கேக்கலை. தப்பு என்னோடது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். என்னை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினாய். அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்று மாலை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல்தான் குழந்தையைப் பார்க்கிறேன் என்று இங்கே ஓடிவந்தேன். காது பற்றி எழுதினாய், பஸ் ஹாரன் என்று இன்னொரு பொய் சொன்னேன். என்னைப் புகழ்ந்து பாரா எழுதினாய், குளியலறையில் உட்கார்ந்து அழுதேன், அப்போதும் சொல்லவில்லை. இப்போது உன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. காரை விற்காதே என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வைதேகி

—

மயிலாப்பூர்
14 ஜூலை 2024

வைதேகி,

நேற்று மாலை அடுக்களையில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு மாடிக்குக் கீழே கேட்டுக் கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உன் பச்சைப் புடவை தெரு முனையில் திரும்பியது. இந்தக் காதைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

காஷிஃப் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே போனார்.

உன் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். கோபம் இல்லை என்று பெரிய மனசு காட்டத் தெரியவில்லை எனக்கு. கோபம் இருக்கிறது. ஐந்து வாரம், வைதேகி. ராத்திரி படுக்கும் முன்னால் பெருக்கல் வாய்ப்பாடு பதினேழு வரை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மறந்துவிட்டேனா என்று. அச்யுத்தின் பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தேன். நீ அங்கே ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் என்னைக் குத்துவது அது இல்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மாசி என்னிடம் பேசுவதில்லை என்று எழுதியிருந்தேன். கோபம் என்று சொல்லிவைத்தேன், ஏன் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். "எனக்குக் காது மந்தம் அம்மாசி, அவ நிறுத்துன்னு சொன்னது கேக்கலை" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இல்லம்மா, அந்த அம்மா வா வான்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சு. நான் கேட்டேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வலியில இருந்தே, உனக்குச் சரியா கேட்டிருக்காது. வைதேகி மேல பழி போடாதே, அவ அப்படிப்பட்டவ இல்லை" என்றேன். வகுப்பில் அதட்டுகிற குரலில் சொன்னேன். கை உடைந்து உட்கார்ந்திருந்த மனிதரிடம். தேவானை உள்ளே இருந்து வந்து, "வுடு, அவங்க சொன்னா சரிதான்" என்று அவரை அடக்கினாள். அன்றிலிருந்துதான் அவர் பேசுவதில்லை.

மூன்று பேரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். என் காதையும் நான் நம்பவில்லை, அவருடைய வார்த்தையையும் நம்பவில்லை. உன்னை மட்டும் நம்பினேன். அவரைக் காரால் இடித்தது போதாதென்று பொய்யர் என்றும் ஆக்கினேன்.

இன்று காலை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். உன் பங்கை நான் சொல்ல மாட்டேன், அதை நீதான் வந்து சொல்ல வேண்டும். நீ வரும்போது நான் கீழே இறங்க மாட்டேன்.

மணி

—

நங்கநல்லூர்
19 ஜூலை 2024

மணி,

நேற்றுக் காலை வந்தேன். உன் ஜன்னல் சாத்தியிருந்தது.

அம்மாசி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், போன், போட்டோ, நான் சொன்ன பொய். தேவானை இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார். அப்புறம், "இத்த எங்கையில சொன்னா ஆவாதும்மா. அன்னிக்கு இங்க கூட்டமா நின்னாங்களே, அவுங்களுக்குச் சொல்லு. டீச்சரம்மாவுக்குக் காது கேக்காதுன்னு தெருவே பேசிக்கினு கீது" என்றார். தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் காதைப் பற்றித்தான் பேசினார்.

பால்கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் சொன்னேன். பால் வாங்க நின்றவர்களிடமும் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். ஒரு அம்மாள், "சரி சரி, விடுங்கோ" என்றாள். விடாமல் முழுதும் சொன்னேன். செம்பியன் வீட்டுக்குப் போய் அந்தக் கடைசிப் பாராவை அடித்துவிட்டு என் கையால் வேறு எழுதிக் கொடுத்தேன். "பின்னால் நின்று பார்த்துச் சொல்பவர்கள், கையில் போன் இருந்தால் வாயைத் திறக்கக்கூடாது. திறந்து தப்பாகச் சொல்லிவிட்டால், தப்பு என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாத வைதேகி எழுதுகிறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சிரிக்கச் சிரிக்கத்தான் கேட்டிருந்தேன்" என்றார்.

நீ என்னைக் கூப்பிட வேண்டாம். உன்னைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. தெரிவிக்கத்தான் எழுதினேன்.

வைதேகி

—

மயிலாப்பூர்
23 ஜூலை 2024

அன்புள்ள வைதேகி,

நேற்று வந்ததற்கு நன்றி. அம்மாசிக்குக் கட்டுப் பிரிக்கும் நாள், அந்த அம்மாவையும் வரச் சொல்லுங்க என்று அவர்தான் சொன்னார், நான் இல்லை. முன் சீட்டில் அவரை உட்காரவைத்ததும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அது அவருடைய இடம், நேற்றைக்கு.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், கவனித்தாயா? உனக்கு வாரிசு கிடைத்துவிட்டது.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அவர்தான் பின்னால் திரும்பி, "எறங்கிப் பாத்துச் சொல்லும்மா" என்றார். நீ போனைப் பக்கத்திலிருந்த தேவானை கையில் கொடுத்துவிட்டு இறங்கினாய். இரண்டு பக்கமும் பார்த்தாய். குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தாய். அப்புறம் "வரலாம்" என்றாய். நான் வந்தேன். வீடு வரும் வரை நீ பின் சீட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாய். மணி மறுபடியும் என் வார்த்தையை நம்பிவிட்டாள் என்று நினைத்து அழுதாய், இல்லையா?

அந்தச் சந்தோஷத்தோடு உன்னை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நமக்குள் இன்னொரு பொய் வேண்டாம். நீ "வரலாம்" என்றதும் நான் வரவில்லை, வைதேகி. இடது கண்ணாடியைப் பார்த்தேன், வலது கண்ணாடியைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த நாலு வருஷத்தில் நம் கேட்டுக்குள் நுழையும்போது நான் ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்த்ததில்லை. உன் குரல் கேட்டால் போதும் என்று கண்ணை மூடாத குறையாக வந்துகொண்டிருந்தேன். ஸ்டியரிங் என் கையில் இருந்தது. அம்மாசியின் கை உடைந்ததில் பாதி என்னுடையது. அவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்றார். முதல் முறையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்குத் திரும்பி வருகிறாய் என்று மகதி சொன்னாள். திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் இரு. ஹாரன் அடிக்க மாட்டேன். முன் சீட்டு காலியாக இருக்கும். நீ பார்த்துச் சொல், நானும் பார்க்கிறேன்.

கதவை மட்டும் மெதுவாகச் சாத்து.

மணி